கார்சினாய்டு பாதித்த இதய வால்வை நெஞ்சைத் திறக்காமல் மாற்ற முடியுமா?

மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து ஒருவர் தம் தாயாருக்காகக் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. தாயாருக்கு வயது 58. சிறுகுடலில் தோன்றிய கார்சினாய்டு கட்டி (மெதுவாக வளரும் ஒருவகைப் புற்றுக்கட்டி) கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது; கட்டியின் சுரப்பை அடக்க மாதம் ஒருமுறை ஆக்ட்ரியோடைட் ஊசி போட்டு வருகிறார்கள். சில மாதங்களாகக் கால் வீங்கி, வயிற்றிலும் நீர் சேர்ந்ததால் எக்கோ எடுத்ததில், இதயத்தின் வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மூவிதழ் வால்வில் கடுமையான கசிவும், நுரையீரல் தமனி வால்வில் சுருக்கத்துடன் கசிவும் தெரிந்திருக்கின்றன. சென்னையில் திறந்த அறுவை சிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கேள்வி கேட்டவரின் தாய்மாமாவுக்குச் சென்ற ஆண்டு தொடை வழியாகவே மகாதமனி வால்வு மாற்றப்பட்டு, சில நாட்களில் அவர் வீடு திரும்பிவிட்டார். "அம்மாவுக்கும் அப்படியே செய்யக் கூடாதா? நெஞ்சைப் பிளப்பது எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்கிறார்.

மாமாவுக்குச் செய்ததை அம்மாவுக்கு அப்படியே செய்ய முடியாது. வேறு வகையில், தேர்ந்தெடுத்த சிலருக்கு, கதீட்டர் எனப்படும், ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய் வழியாக வால்வு வைக்கப்படுகிறது. அந்தச் சிலரில் உங்கள் தாயார் ஒருவரா என்பதை முடிவு செய்வதற்கு முன், இந்த நோய் வால்வை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

கார்சினாய்டு கட்டிகள் செரோட்டோனின் முதலிய பொருள்களைச் சுரக்கின்றன. கட்டி குடலில் மட்டும் இருக்கும்வரை, சுரந்தவை அனைத்தும் முதலில் கல்லீரலுக்குப் போய் அங்கேயே செயலிழந்துவிடுகின்றன. கட்டி கல்லீரலுக்குள்ளேயே பரவிவிட்டால் அந்தக் காவல் இல்லாமல் போகிறது. சுரப்பு நேராகக் கல்லீரல் சிரைகள் வழியே இதயத்தின் வலப்பக்கத்துக்கு வந்து சேர்கிறது. முகம் திடீரெனச் சிவந்து சூடேறுவதும், நாள் முழுதும் வயிற்றுப்போக்கு இருப்பதும், சிலருக்கு மூச்சு இழுப்பதும் இதனால்தான். இந்தப் பொருள்கள் வால்வின் செல்களிலுள்ள ஓர் ஏற்பியைத் தூண்டி, வெண்மையான, தடித்த நார்ப்படலம் வளரச் செய்கின்றன. மூவிதழ் வால்வில் இப்படலம் கீழறையைப் பார்த்த பக்கத்திலும், நுரையீரல் தமனி வால்வில் தமனியைப் பார்த்த பக்கத்திலும் படிகிறது. நாளடைவில் இதழ்கள் தடித்து, சுருங்கி, மூடவும் முடியாமல் முழுதாகத் திறக்கவும் முடியாமல் பாதி திறந்த நிலையில் இறுகி நின்றுவிடுகின்றன. எக்கோ திரையில் இதைப் பார்த்தால் மறக்க முடியாது: இதயம் துடிக்கிறது, சுவர்கள் அசைகின்றன, இதழ்கள் மட்டும் கட்டைபோல் நிற்கின்றன.

நுரையீரல் இந்தப் பொருள்களைச் சிதைத்துவிடுவதால் இடப்பக்க வால்வுகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. மேலறைகளுக்கு இடையே பிறவியிலிருந்தே மூடாத சிறு துளை உள்ளவர்களுக்கும், நுரையீரலிலேயே கட்டி உள்ளவர்களுக்கும், சுரப்பு அளவுக்கு மீறி இருப்பவர்களுக்கும்தான் இடப்பக்கமும் கெடுகிறது. ஆகவே குமிழி எக்கோ எனப்படும் சோதனையில் அந்தத் துளை இருக்கிறதா என்று பார்த்தார்களா எனக் கேளுங்கள். மூவிதழ் வால்வு ஒழுகி வலது மேலறையின் அழுத்தம் ஏறும்போது இந்தத் துளை வழியாகவே கெட்ட ரத்தம் இடப்பக்கம் தாவுகிறது. வால்வை மாற்றும்போதே இதையும் மூடிவிடுவது வழக்கம்.

நம் பகுதியில் இந்த நோய் தாமதமாகவே பிடிபடுகிறது. கும்பகோணம், மாயவரம் பக்கத்தில் கால் வீங்கினால் யானைக்கால் என்று முதலில் நினைப்பது தலைமுறைப் பழக்கம். வயிறு வீங்கினால் குடிப்பழக்கத்தால் வந்த கல்லீரல் நோய் என்பார்கள். குடிக்காதவராக இருந்தால் மஞ்சள் காமாலைக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். மூவிதழ் வால்வு ஒழுகுகிறது என்று தெரிந்த பிறகும் சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலின் (ருமாட்டிக் நோயின்) விளைவு என எழுதிவிடுவதுண்டு. ருமாட்டிக் நோய் பெரும்பாலும் இடப்பக்கத்து ஈரிதழ் வால்வைத்தான் முதலில் தாக்கும்; இடப்பக்கம் சுத்தமாக இருந்து வலப்பக்கம் மட்டும் இறுகியிருந்தால் கார்சினாய்டை நினைக்க வேண்டும். நோயாளியை 45 பாகை சாய்வாக உட்கார வைத்துக் கழுத்தைப் பார்த்தால், சிரை காதுமடல் வரை புடைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் எழுந்து விழுவது தெரியும். வலது விலா எலும்பின் கீழே உள்ளங்கையை வைத்தால் கல்லீரலும் அதே தாளத்தில் துடிக்கும். இதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை.

இப்போது கதீட்டருக்கு வருகிறேன். உங்கள் மாமாவுக்குச் செய்தது மகாதமனி வால்வு மாற்றம். இந்த முறையை 2002-இல் பிரான்சில் அலைன் கிரிபியே முதன்முதலில் ஒரு நோயாளிக்குச் செய்தார். அதில் தொடையிலுள்ள தமனி வழியாகப் போகிறார்கள். முதியவர்களின் மகாதமனி வால்வில் சுண்ணாம்பு படிந்து வட்டமான கெட்டி விளிம்பு உண்டாகியிருக்கும். அதற்குள் விரித்து வைக்கும் வால்வு அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அதாவது அங்கே நோயே வால்வுக்கு இருக்கை போட்டுத் தருகிறது. கார்சினாய்டில் சுண்ணாம்பு கிடையாது. மூவிதழ் வால்வின் வாய் வட்டமாகவும் இராது. மகாதமனி வாயைவிட மிகப் பெரியது, விரிந்துபோனது, மெல்லிய தசையால் ஆனது. மகாதமனிக்கான வால்வை அங்கே வைத்தால் அது நிற்க இடமே இல்லை.

அதற்கென்றே வடிவமைத்த வால்வுகள் அண்மையில்தான் வந்தன. அவற்றில் எவோக் என்னும் வால்வுக்கு ஐரோப்பாவில் 2023-இலும் அமெரிக்காவில் 2024 பிப்ரவரியிலும் ஒப்புதல் கிடைத்தது. தொடைச் சிரை வழியாக, குழாய் அளவுக் கணக்கில் 28 பிரெஞ்சு, அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் மூலம் இதைச் செலுத்துகிறார்கள். அதன் கீழ்விளிம்பிலுள்ள நங்கூரங்கள் நோயாளியின் சொந்த இதழ்களைப் பிடித்துக்கொண்டு வளையத்தில் அமர்கின்றன. கார்சினாய்டு நோயாளிக்குச் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்: பிடிப்பதற்குப் போதிய நீளத்தில் இதழ் இருக்க வேண்டும், சுருங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்ட இதழைப் பிடிப்பது கடினம். ஆயினும் இதழ்கள் முற்றிலும் மறைந்துபோகாத சிலருக்கு இவ்வகை வால்வுகள் வெற்றிகரமாக வைக்கப்பட்டுள்ளன. தனித்தனி நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகளாகவும் சிறு தொகுப்புகளாகவுமே அந்த அனுபவம் வெளிவந்துள்ளது.

எவோக் பற்றிய பெரிய ஆய்வில் 400 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வலது அறைகள் விரிந்ததால் கசிவு ஏற்பட்ட முதியவர்கள். இதழ்கள் இறுகியதால் அல்ல. கசிவு வெகுவாகக் குறைந்து, நடமாட்டமும் அன்றாட வாழ்வும் தெளிவாக மேம்பட்டன. ஆனால் வால்வு வைத்தவர்களில் 15.4 சதவீதத்தினருக்குக் கடுமையான ரத்தக்கசிவும், 17.4 சதவீதத்தினருக்குப் புதிதாகப் பேஸ்மேக்கர் தேவையும் ஏற்பட்டன. காலில் துளைதானே போடுகிறார்கள், என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். கல்லீரலில் கட்டி உள்ளவருக்கு ரத்தம் உறையும் திறன் முன்பே குறைந்திருக்கலாம் என்பதால், முதல் எண் இன்னும் கவலை தருவது.

இதழ்களைக் கிளிப் போட்டு இணைக்கும் முறையைப் பற்றியும் யாரேனும் சொல்லக்கூடும். மற்ற காரணங்களால் வரும் கசிவுக்கு அது நல்ல முறை. கார்சினாய்டில் இதழ்களுக்கு இடையே இடைவெளி அகலமாக, இதழ்களும் அசையாமல் இருப்பதால் அதில் பயன் இல்லை. கசிவோடு சுருக்கமும் இருந்தால் கிளிப் சுருக்கத்தைக் கூட்டிவிடும். மேல், கீழ்ப் பெருஞ்சிரைகளில் தனித்தனியே வால்வு வைத்து, ரத்தம் கல்லீரல் பக்கம் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் முறை ஒன்றும் உண்டு. கால் வீக்கமும் வயிற்று நீரும் அதனால் குறையலாம். இதயத்தின் வலது அறைகளின் சுமை அப்படியே இருக்கும். வேறு வழியே இல்லாதவருக்கு அது ஓர் ஆறுதல் சிகிச்சை.

உங்கள் தாயாருக்கு இரண்டு வால்வுகள் கெட்டிருக்கின்றன. பலரும் மூவிதழ் வால்வைப் பற்றியே பேசுகிறார்கள். என் கருத்தில் முடிவைத் தீர்மானிப்பது இரண்டாவது வால்வு. நுரையீரல் தமனி வால்வு சுருங்கியிருக்கும்போது மூவிதழ் வால்வை மட்டும் சரிசெய்தால், அதுவரை பின்னோக்கி ஒழுகித் தன் சுமையைத் தணித்துக்கொண்டிருந்த வலது கீழறை, இனி முழு ரத்தத்தையும் அந்தக் குறுகிய வாய் வழியாகவே தள்ள வேண்டியிருக்கும். ஏற்கெனவே களைத்துப்போன கீழறையால் அது முடியாமல் போகலாம். சுருக்கம் இல்லாமல் கசிவு மட்டும் இருந்தாலும், அதை விட்டுவைத்தால் கீழறை மேலும் விரிந்துகொண்டே போகும். திறந்த அறுவையில் இரண்டையும் ஒரே வேளையில் மாற்றிவிடுகிறார்கள். கதீட்டரில் இரண்டு வால்வுகளுக்கும் தனித்தனி வேலை. நுரையீரல் தமனி வால்வைப் பொறுத்தவரை, பிலிப் பான்ஹோஃபர் 2000-ஆம் ஆண்டில் தொடங்கி வைத்த முறை நன்கு வேரூன்றிவிட்டது. கார்சினாய்டில் அந்த வாய் குறுகி விறைத்திருப்பதும் வால்வு நிற்பதற்கு ஓரளவு வசதிதான். ஆனால் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் இடது கரோனரி தமனி அதன் அருகிலேயே ஓடுவதால், முதலில் பலூனை ஊதிப் பார்த்து, அந்நேரத்திலேயே ஆஞ்சியோ எடுத்து, தமனி நசுங்கவில்லை என உறுதி செய்த பின்னரே வால்வை வைப்பார்கள். இரண்டையும் கதீட்டரில் செய்வதானால் நுரையீரல் வால்வை முதலில் முடிப்பது நல்லது என்பேன். புதிதாக வைத்த மூவிதழ் வால்வின் ஊடே இன்னொரு தடித்த குழாயை நுழைப்பது யாருக்கும் விருப்பமான வேலையன்று.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அறுவை சிகிச்சையைத் தாங்கக்கூடிய 58 வயதுப் பெண்மணிக்குச் சென்னை மருத்துவர்கள் சொன்ன யோசனை சரியானது என்றே எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1985 முதல் 2012 வரை கார்சினாய்டு வால்வு அறுவை செய்துகொண்ட 195 பேரைப் பற்றிய அறிக்கையில், அறுவையை ஒட்டிய இறப்பு மொத்தத்தில் 10 சதவீதம். 2000-க்குப் பிந்தைய காலத்தில் மட்டும் பார்த்தால் 6 சதவீதம். அது உலகிலேயே இந்நோயில் மிகுந்த பழக்கமுள்ள இடங்களில் ஒன்று என்பதை மறக்க வேண்டாம். எல்லா மருத்துவமனையிலும் அந்த எண் கிடைக்காது. வலது கீழறை மிகவும் சோர்ந்துவிட்டவர், முன்பே நெஞ்சு திறக்கப்பட்டவர், சிறுநீரகமும் கல்லீரலும் தளர்ந்தவர் ஆகியோருக்குத்தான் கதீட்டரை முதல் வழியாக எண்ணிப் பார்க்கலாம்.

இந்நோயில் கதீட்டர் மிக நன்றாகக் கைகொடுக்கும் இடம் இரண்டாவது முறை வால்வு மாற்றும்போதுதான். அறுவையில் வைக்கும் வால்வு இரு வகை: உலோக வால்வு, விலங்குத் திசுவாலான திசு வால்வு. உலோக வால்வுக்கு ஆயுள் முழுதும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை வேண்டும். கல்லீரலில் கட்டியும், அடுத்தடுத்து வேறு அறுவைகளும் எதிர்நோக்கியுள்ள ஒருவருக்கு அது தொல்லை. ஆகவே பெரும்பாலும் திசு வால்வையே வைக்கிறார்கள். திசு வால்வு சில ஆண்டுகளில் கெடலாம். சுரப்பு அடங்காவிட்டால் அதன் மீதும் அதே படலம் படியும். அப்போது மறுபடி நெஞ்சைத் திறக்காமல், பழைய வால்வின் வளையத்துக்குள்ளேயே கதீட்டர் மூலம் புதிய வால்வை வைத்துவிடலாம். பழைய வளையம் வட்டமானது, அளவு தெரிந்தது, ஊடுகதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரிவது. முன்பு இல்லாத இருக்கை இப்போது இருக்கிறது. மகாதமனிக்காக உருவான சேப்பியன் போன்ற வால்வுகளே இதற்குப் பயன்படுகின்றன. ஆகவே அறுவை நிபுணரிடம் இப்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "பிற்காலத்தில் உள்ளே இன்னொரு வால்வு வைக்க இடம் இருக்கும்படி, இயன்றவரை பெரிய அளவுள்ள திசு வால்வை வைப்பீர்களா?"

வைத்த சில மாதங்களிலேயே திசு வால்வின் அழுத்த வேறுபாடு ஏறினால், உடனே அது கெட்டுவிட்டதாக முடிவு கட்டக் கூடாது. இதழ்களில் ரத்தம் உறைந்து படிந்திருக்கலாம். ரத்தம் உறையாமைக்கான வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் கொடுத்துச் சில வாரங்கள் பார்த்தாலே சரியாவதுண்டு. திசு வால்வாக இருந்தாலும் குறைந்தது மூன்று முதல் ஆறு மாதங்கள் இந்த மாத்திரை பெரும்பாலும் தேவைப்படும். ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை மன்னார்குடியிலோ திருவாரூரிலோ எடுத்து மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னால் போதும். ஒவ்வொரு முறையும் மன்னை விரைவு ரயிலேறிச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. கீரை இந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் என்பதற்காகக் கீரையை நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடாமல் இருந்தால் சரி.

எந்த வழியில் வால்வு மாற்றினாலும் அதற்கு முன் சுரப்பைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். 24 மணி நேரச் சிறுநீரில், செரோட்டோனின் சிதைந்து உண்டாகும் 5-எச்ஐஏஏ என்ற பொருளின் அளவு இதைக் காட்டும். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன் பிறகு மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை முழுவதையும் ஆய்வுக்கூடம் கொடுத்த குடுவையில் சேர்க்க வேண்டும். குடுவையை வெயில் படாமல் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். உள்ளே சிறிது அமிலம் ஊற்றியிருப்பார்கள். அதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், வாழைக்காய், தக்காளி, கத்தரிக்காய், அன்னாசி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். டெல்டாவில் ஒரு வீட்டில் இவை ஐந்தும் இல்லாமல் மூன்று நாள் சமைப்பது எளிதன்று என்பது எனக்குத் தெரியும். இந்தப் பத்தியம் சோதனைக் கணக்கு தவறாமல் இருப்பதற்கு மட்டுமே. பூவன் பழம் தின்றதால் வால்வு கெடாது. சோதனை முடிந்ததும் தாயார் தாராளமாகச் சாப்பிடலாம். வயிற்றுப்போக்கால் மெலிந்திருப்பவரைப் பத்தியம் என்ற பெயரில் இன்னும் பட்டினி போடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது அறுவையைத் தாங்கும் வலிமையைத்தான் குறைக்கிறது. உப்பை மட்டும் நிரந்தரமாகக் குறைக்க வேண்டும்: ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய்.

மாத ஊசியிலும் கவனம் வேண்டும். நீண்ட நாள் வேலை செய்யும் ஆக்ட்ரியோடைட் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. சென்னையில் வாங்கிப் பனிக்கட்டிப் பெட்டி இல்லாமல் சித்திரை வெயிலில் பேருந்தில் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போடுவதற்கு முன் அரைமணி முதல் ஒருமணி நேரம் வெளியே எடுத்து வைத்து, கரைசலை ஊற்றித் தூள் முழுதும் நனைந்த பின்னரே குலுக்கி, உடனே பிட்டத்துத் தசையின் ஆழத்தில் போட வேண்டும். பாதி மருந்து குப்பியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த மாதம் பாதி ஊசிதான். இதற்கும் சுரப்பு அடங்காவிட்டால், லுடீசியம்-177 கதிர்மருந்து போன்ற வழிகளைப் புற்றுநோய் மருத்துவர் யோசிப்பார். அந்த மருந்தோடு அமினோ அமிலக் கரைசல் லிட்டர் கணக்கில் ஏற்றப்படுவதால், வால்வு ஒழுகும் இதயம் அதைத் தாங்குமா என்று இதய மருத்துவரையும் கேட்டே தொடங்க வேண்டும். கல்லீரல் கட்டியை வெட்டி எடுக்கும் திட்டம் இருந்தால் வால்வை முதலில் சரிசெய்வது பொது வழக்கம். சிரை அழுத்தம் ஏறிப் புடைத்திருக்கும் கல்லீரலில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது.

மயக்கம் கொடுக்கும்போது கட்டி ஒரேயடியாகத் தன் சரக்கைக் கொட்டிவிட்டால் ரத்த அழுத்தம் திடீரென விழும், மூச்சுக்குழாய் இறுகும். இதுவே கார்சினாய்டு நெருக்கடி. கதீட்டர் முறையிலும் இந்த ஆபத்து உண்டு, ஏனெனில் மூவிதழ் வால்வு வைக்கும்போது பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து உணவுக்குழாய் வழியே எக்கோ பார்த்துக்கொண்டேதான் செய்கிறார்கள். இதைத் தடுக்கக் குறைந்தது 12 மணி நேரம் முன்பிருந்தே மணிக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் வரை ஆக்ட்ரியோடைட்டைச் சிரைவழி சொட்டாக ஏற்றி, முடிந்த பின்னும் இரண்டு நாட்கள் தொடர்வது வழக்கம். ஆகவே மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை கதீட்டர் வால்வு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதைவிட, உங்கள் மயக்க மருத்துவர் கார்சினாய்டு நோயாளியைக் கையாண்டிருக்கிறாரா என்று கேட்பது பயனுள்ள கேள்வி. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கதீட்டர் வால்வின் விலை பொதுவாக இந்த வரம்பைத் தாண்டிவிடும். எந்த முறையானாலும் எவ்வளவு காப்பீட்டில் அடங்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

வால்வு வைத்தபின் ஊரில் நடக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல் வலிக்கிறது என்று தாயாரைப் பக்கத்து ஊர்ப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போவீர்கள். பிடுங்குவதற்கு முன் ஈறில் போடும், மரத்துப்போகச் செய்யும் ஊசியில் பல சமயம் அட்ரினலின் கலந்திருக்கும். அது இந்த நோயாளிக்கு நெருக்கடியைத் தூண்டக்கூடும். செயற்கை வால்வு உள்ளவருக்குப் பல் பிடுங்குமுன் வால்வில் கிருமி தொற்றாமலிருக்க ஆன்டிபயாட்டிக் மருந்தும் தர வேண்டும். இந்த இரண்டையும், எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பெயர்களோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அட்டையில் எழுதி அவருடைய பையிலேயே வைத்துவிடுங்கள். முடிந்தால் பற்களை அறுவைக்கு முன்பே காட்டி, எடுக்க வேண்டியதை எடுத்துவிடுவது இன்னும் நல்லது.